மூக்கடைப்பான் தமிழ் படித்த கதை

என் அத்தானுக்குத் தெருவில் ஒழுங்காக நடக்கத் தெரியாது. கண் போன பிறகு வந்த குறை இல்லை இது. கண் நன்றாக இருந்த காலத்திலேயே அப்படித்தான். இரண்டு அடி வைப்பார், ஏதாவது ஒரு கடைப் பலகையைப் பார்த்து நின்றுவிடுவார். ஒரு மாவு மில் வாசலில் 'இங்கு மாவு அறைத்துத் தரப்படும்' என்று எழுதியிருந்தது. நேராக உள்ளே போய், அறைந்தால் மாவு அழாதா என்று கேட்டுவிட்டு வந்தார். மில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்திருந்தால் அறை யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மாதிரி நேரங்களில் என் அக்கா பத்தடி தள்ளிப் போய், யார் வீட்டு மனுஷனோ என்பது போல் நின்றுகொள்வாள்.

அவர் தொழில் அப்படி. ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவர். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகப் படித்து, எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் குறிப்பது வேலை. தமிழில் பிழை எங்கே வரும் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். ரெண்டு சுழி ன-வா மூணு சுழி ண-வா, சின்ன ர-வா பெரிய ற-வா, ல-வா ள-வா ழ-வா. பேசும்போது நம்மில் பாதிப் பேர் இதற்கெல்லாம் வித்தியாசமே காட்டுவதில்லை. எழுதும்போது மட்டும் எங்கிருந்து வரும்? அந்தக் குழப்பத்தில்தான் அத்தான் இத்தனை வருஷமாகச் சோறு சாப்பிட்டார்.

அவருடைய கல்யாணப் பத்திரிகையிலேயே 'மணமகள்' என்பது 'மணமகல்' என்று அச்சாகி வந்தது. திரும்ப அடிக்க நேரமில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் சிவப்புப் பேனாவால் ல-வை அடித்து, ஓரத்தில் ள போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு அனுப்பினார். எங்கள் பெரியம்மா ஒருத்தி, மாப்பிள்ளை பெண்ணையே அடித்துவிட்டார், கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று நினைத்து, துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வந்து இறங்கினாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த கிண்டல் இன்னும் ஓயவில்லை. மச்சினி என்றால் அந்த உரிமை உண்டு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் இருக்கும் பில் மெஷின், எலக்ட்ரானிக் தராசு இவற்றைப் பழுது பார்ப்பது என் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது. மெஷினைத் தட்டுவேன், சில சமயம் கடைக்காரரையும் தட்டலாமா என்று தோன்றும். அதைவிட, யாராவது அனுதாபத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தானுக்குக் கண் போன பிறகு எங்கள் வீட்டைச் சுற்றி எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய் அது. வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் எடுத்துக்கொள்ளும். அது வந்திருப்பது அவருக்கே தெரியவில்லை, வேலையில்தான் தெரிந்தது. வரியின் கடைசிச் சொற்களில் பிழைகள் தப்ப ஆரம்பித்தன. வயதாகிறது, கவனம் குறைந்துவிட்டது என்று நினைத்து அவர் காப்பியைக் கூட்டினார். டாக்டரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருந்ததும் போய், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது.

பதிப்பகத்தை நடத்தும் அம்மாள் நல்லவர். வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசல் பக்கம் ஒரு மேஜை போட்டு, ஃபோன் வந்தால் எடுத்துப் பேசினால் போதும், உங்களுக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு என்று சொன்னார். அத்தான் சில மாதம் போனார். ஃபோன் எப்போதாவது வரும். மற்ற நேரமெல்லாம் உள்ளறையில் ஆட்கள் சந்தேகம் கேட்டுக்கொள்வது காதில் விழும். விடை அவருக்குத் தெரியும். யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மரியாதை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"உட்கார இடம் குடுத்திருக்காங்க. வேலை குடுக்கலை."

திரும்பவும் பிழைதிருத்தும் மேஜைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாசல் மேஜையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அக்கா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நடக்காமல் போனால் இவரை என்னால் தேற்ற முடியாது, ஏதாவது செய் என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் எனக்குப் பயமாகிவிட்டது.

முதலில் அக்காவையே படிக்க வைத்துப் பார்த்தோம். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், டாக்டர்களின் கிறுக்கலையே படிப்பவள், அச்செழுத்து ஒரு பொருட்டா? ஆனால் அங்கேதான் வம்பு. 'மலை பெய்தது' என்று தாளில் இருந்தால் அவள் தானாகவே 'மழை பெய்தது' என்று படித்துவிடுவாள். நல்ல மனசு, நல்ல கண், பிழை தெரியாது. அத்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ரெண்டு சுழியா மூணு சுழியா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பாள். அரைப் பக்கம் முடிவதற்குள் இருவரும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது கம்ப்யூட்டர். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அதோடு ஒரு தமிழ்க் குரலும் வந்தது. பெண் குரல், தேன் மாதிரி. 'வெள்ளம் வந்தது' என்று எழுதினாலும் 'வெல்லம் வந்தது' என்று எழுதினாலும் ஒரே தேன்தான். அத்தான் அதை ஒரு வாரம் கேட்டுவிட்டு, உன் அக்காவே தேவலை, அவளிடமாவது சண்டை போடலாம் என்றார்.

பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் ஒன்றில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கண் தெரியாது. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அலமாரியில் தடவி ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வந்தார். செங்கல் அளவு, முன்னால் ஒலிபெருக்கி, பின்னால் ஒன்பது ஊசி பிளக்குக்கு ஒரு வாய். கம்ப்யூட்டருக்குள் குரல் என்பதே இல்லாத காலத்தில், வெளியே தனியாக வைத்துப் பேச வைக்கும் பேச்சுப் பெட்டி. ஸ்க்ரீன் ரீடர் எழுத்தை அனுப்பும், பெட்டி பேசும்.

"இதுக்குத் தமிழ் தெரியாது," என்றார் அவர். "ஆனா ஒரு நல்ல குணம் இருக்கு. இந்த எழுத்துக்கு இந்தச் சத்தம்னு நீங்க எழுதிக் குடுத்தா அதை அப்படியே சொல்லும். சொந்த புத்தியை உள்ள விடாது."

அத்தான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வீடு வரைக்கும் வந்தார்.

இப்போதைய கம்ப்யூட்டரில் ஒன்பது ஊசிக்கு வாய் கிடையாது. ஆனால் பழைய தராசுகளிலும் பில் மெஷின்களிலும் அதே பிளக்தான். என் பையில் மாற்றுக் கேபிள் எப்போதும் கிடக்கும். மாட்டினேன். ஸ்க்ரீன் ரீடரின் அமைப்பில் குரல் எது என்று கேட்ட இடத்தில் பெட்டியின் வகையைத் தேர்ந்தெடுத்தேன். சத்தமில்லை. எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று ஒரு எண் கேட்கும், அதை மாற்றினேன். பெட்டி கொப்புளிப்பது போல ஏதோ செய்தது. கம்ப்யூட்டர் வேகமாக அனுப்ப, பெட்டி நிதானமாக வாங்குகிறது, அதுதான் காரணம். இரண்டுக்கும் ஒரே வேகத்தை வைத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் மெனுவைப் படித்தது. நான் கை தட்டினேன். அத்தான் தமிழில் ஒரு வரி கொடு என்றார். கொடுத்தேன். பெட்டி வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் இங்கிலீஷ் கொடுத்தால் பேசும், தமிழ் வந்தால் கப்சிப்.

"வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்குது," என்றாள் அக்கா.

ஸ்க்ரீன் ரீடரில் உச்சரிப்பு அகராதி என்று ஒன்று உண்டு. இந்த எழுத்தைப் பார்த்தால் பெட்டிக்கு இந்தச் சத்தக் குறியை அனுப்பு என்று வரிசையாக எழுதலாம். ஆயுத எழுத்து வரைக்கும் அத்தனையையும் எழுத உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் 'கோ' என்பது ஓர் எழுத்து இல்லை. க ஒன்று, அதோடு ஒட்டும் குறி ஒன்று. நான் தனி எழுத்துகளை மேலேயும், குறி ஒட்டியவற்றைக் கீழேயும் எழுதிவிட்டேன். ஸ்க்ரீன் ரீடர் மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும், முதலில் பொருந்தியதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 'கோபம்' என்று கொடுத்தால் பெட்டி 'க ஓ ப ம' என்று எழுத்துக்கூட்டியது. முதல் வகுப்புப் பிள்ளை கூட இப்படிக் கொல்லாது. வரிசையைத் தலைகீழாக மாற்றி எழுதிய பிறகுதான் கோபம் கோபமாக வந்தது, அதற்குள் எனக்கே அது வந்துவிட்டிருந்தது.

தங்கத்தைத் 'தங்க்கம்' என்றும் பம்பரத்தைப் 'பம்ப்பரம்' என்றும்தான் பெட்டி சொல்லும். ஜலதோஷம் பிடித்தவன் பேசுவது போலவே இருக்கும். அக்கா அதற்கு மூக்கடைப்பான் என்று பேர் வைத்தாள். க-வுக்கு இடத்துக்கு இடம் சத்தம் மாறுவதைச் சரி செய்யட்டுமா என்று கேட்டேன். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். எத்தனை சத்தம் இருந்தாலும் க-வுக்கு எழுத்து ஒன்றுதான், அங்கே பிழை வராது, அது எப்படிச் சொன்னால் எனக்கென்ன என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெட்டிக்கு அழகாகப் பேசச் சொல்லித் தர முயன்றுகொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியது பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும் வாய்.

ஆனால் காட்டிக்கொடுக்க வேண்டிய இடத்தில்தான் மூக்கடைப்பான் ஊமையாக இருந்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு ன, ஒரே ஒரு ல, ஒரே ஒரு ர. வேற்று மொழிக்குச் செய்த தொண்டை, ழ-வுக்கு எங்கே போவது? பனியும் பணியும் ஒன்று, கரையும் கறையும் ஒன்று, மழையும் மலையும் ஒன்று. தேன் குரல்காரி செய்ததையே இவன் ஜலதோஷத்தோடு செய்தான், அவ்வளவுதான். அத்தான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தேன்.

விடை வந்தது தற்செயலாகத்தான். மறு ஞாயிற்றுக்கிழமை நான் அகராதிக் கோப்புக்குப் புதுப் பெயர் அடித்துக்கொண்டிருந்தேன், இங்கிலீஷில். அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பெட்டி நான் அடிக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஓர் எழுத்தில் மட்டும் குரல் கீச்சென்று மேலே போய் இறங்கியது. அது ஏன் திடீரென்று கத்துகிறது என்று கேட்டார்.

"கத்தலை அத்தான். அது பெரிய எழுத்து. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து வந்தா குரலை உயர்த்திச் சொல்லும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ நம்ம பெரிய ற-வுக்கும் உயர்த்தச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய ற என்று சொல்வதற்கும் இங்கிலீஷின் பெரிய எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு மனுஷன் என்னிடம் ஏதோ கேட்கிறார். சிரித்துக்கொண்டே பெட்டியின் கையேட்டைப் புரட்டினேன், சிரிப்பு நின்றுவிட்டது. எந்தச் சத்தக் குறிக்கு முன்னாலும் குரலை ஏற்று, இறக்கு என்று ஒரு குறி சேர்க்க முடியும்.

அன்று முழுவதும் உட்கார்ந்தோம். ர சாதாரணமாக, ற உயர்த்தி. ன சாதாரணமாக, ண உயர்த்தி, ந தாழ்த்தி. ல சாதாரணமாக, ள உயர்த்தி, ழ அடித்தொண்டையில் இறக்கி. சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் க், ச், த், ப் விட்டுப்போகாமல் தெரிய, அவற்றுக்கு ஒரு சின்ன 'டக்'. முடித்துவிட்டு 'மழை' என்று அடித்தேன். பெட்டி குரலை இறக்கிச் சொன்னது. 'மலை' என்று அடித்தேன். இறக்கமில்லை. அத்தான் மறுபடியும் போடு, மறுபடியும் போடு என்றார். சின்னப் பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்து இன்னொரு தடவை என்று கேட்குமே, அப்படி. பிறகு என் கையை விலக்கிவிட்டு அவரே அடிக்க ஆரம்பித்தார். ஏரி, ஏறி. அரை, அறை. தனி, தணி. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இது படிக்குதா அழுவுதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள்தான் அழுதாள்.

காது பழக நாள் பிடித்தது. ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டால் யாரோ மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடுவது போல இருக்கும்; எனக்குத் தலை வலிக்கும். அத்தான் கம்ப்யூட்டர் முன்னாலேயே குடியிருந்தார். வேகத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் எனக்குப் பட்டாணி கொட்டுவது போல மட்டும் கேட்கும் அளவுக்குப் போய்விட்டார். அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. "தண்ணி வேணுமா" என்று கேட்கும்போது ண்ணி-யை எங்கேயோ மேலே கொண்டுபோய் நிறுத்துவாள். அவர் அதற்குச் சரி, பிழையில்லை என்று பதில் சொல்வார்.

ஒரு நாள் நான் ஒரு காய்கறிக் கடையில் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது அத்தானிடமிருந்து ஃபோன் வந்தது. பெட்டி காலையிலிருந்து பேசவில்லை, கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றார். அவர் குரலும் செத்துத்தான் இருந்தது. அக்கா பெருக்கும்போது கேபிளைக் கழற்றி, வேறு ஓட்டையில் செருகியிருக்கிறாள். ஓட்டை மாறினால் வாசல் எண் மாறும், ஸ்க்ரீன் ரீடர் பழைய வாசலிலேயே பேசிக்கொண்டிருக்கும். பேச்சு நின்றுவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வந்திருக்கும். அதை அவருக்குப் படித்துச் சொல்லவும் அந்தப் பேச்சேதான் வர வேண்டும். நான் ஃபோனிலேயே வழி சொன்னேன். விரலால் தடவிப் பார்த்து, கேபிளைப் பழைய ஓட்டைக்கு மாற்றினார். மூக்கடைப்பான் செருமினான். பிறகு அக்கா மருந்துக்கடையிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து, சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் விரலுக்குத் தெரியும்படி ஒட்டினாள்.

இனிப் போய்க் கேட்கலாம் என்று அத்தானே சொன்னார். நான் கூடப் போனேன். பதிப்பகத்து அம்மாள் எங்களை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டார். நம்பினாரா தெரியாது. மறுக்க மனம் வராமல், ஒரு புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கோப்பாகக் கொடுத்தார். வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. மலைகள் மழையை எப்படிக் கொண்டுவருகின்றன என்பது பற்றிய புத்தகம், பேரே 'மழையும் மலையும்'. வரிக்கு வரி இரண்டு சொல்லும் வரும், தட்டச்சு செய்தவர் இரண்டையும் கலந்து வைத்திருந்தார். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள், எந்தக் கம்ப்யூட்டர் சோதனையிலும் சிக்காது. அதே அத்தியாயங்களை, அத்தான் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் தனியாகப் பார்க்கட்டும், பிறகு ஒப்பிடலாம் என்று ஏற்பாடு.

வீட்டில் அந்த வாரம் நாங்கள் டிவி போடவில்லை. அத்தான் ஒரு வரியைக் கேட்பார், சந்தேகம் வந்தால் அம்புக்குறிச் சாவியைத் தட்டித் தட்டி எழுத்து எழுத்தாகக் கேட்பார், குறிப்பு போடுவார், மேலே போவார். சாப்பிடும்போது திடீரென்று சிரிப்பார். 'மேகம் மழையில் மோதி மலையாகப் பொழிகிறது' என்று இருக்கிறது, ஒரு வாக்கியத்தில் உலகத்தையே புரட்டிவிட்டார் என்பார். மறுபடியும் பழைய அத்தானாக இருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இது கைநழுவினால் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குத்தான் பயமாக இருந்தது.

ஒப்பிடும் நாளன்று பிழைதிருத்தும் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண் இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நேர்மையான பெண். நான் 'வலிமண்டலம்' என்று இருந்ததை விட்டுவிட்டேன், சார் பிடித்திருக்கிறார். 'அலைகள் கறையைத் தொட்டன' என்பதை இரண்டு தடவை படித்தும் எனக்குப் படவில்லை, சார் பிடித்திருக்கிறார் என்று தானே சொன்னாள். எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பிறகு ஒரு பக்கத்தில் வந்து நிறுத்தினாள். சொல்லலாமா வேண்டாமா என்று அம்மாளைப் பார்த்தாள்.

தண்ணீர் சூழ்ந்த வீடுகளின் புகைப்படம் ஒன்று. அதன் கீழே 'வெல்லம் சூழ்ந்த குடியிருப்பு' என்று இருந்தது. அத்தான் அதைத் தொடவில்லை. இன்னும் இரண்டு படங்களிலும் அப்படியே. படத்தோடு சேர்த்து வந்த எழுத்து அது. ஸ்க்ரீன் ரீடருக்கு அது எழுத்தே இல்லை, படத்தின் ஒரு பகுதி. மூக்கடைப்பான் அதைச் சொல்லாமலே தாண்டிப் போயிருக்கிறான்.

அம்மாள் பிரதியை மூடி வைத்தார். குரல் இறங்கியது.

"பரவாயில்லை சார். இவ்வளவு தூரம் பண்ணினதே பெரிய விஷயம். நீங்க எதுக்கு இப்படிச் சிரமப்படணும்? முன்னாடி மேஜை உங்களுக்கு எப்பவும் இருக்கு."

எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்தார்.

"மேடம், பரவாயில்லைன்னு சொல்லாதீங்க," என்றார். "பிழை திருத்துறவன் பிழையை விட்டா அது பரவாயில்லை கிடையாது. கண்ணு இருந்தப்போ நான் இப்படி விட்டிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா? இது என் பிழை. படத்துல எழுத்து இருக்கும்னு எனக்குத் தெரியும், தனியாக் கேட்டு வாங்காதது என் தப்பு. என்னைத் திட்டுங்க. திட்டிட்டு வேலையைக் குடுங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாள் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிய பிரதியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது.

"இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்திருக்கீங்க, படக்குறிப்பைக் கேட்டு வாங்கணும்னு தோணலையா உங்களுக்கு? வெல்லம் சூழ்ந்த குடியிருப்பு. இது அச்சாகிப் போயிருந்தா நான் வெளியில தலை காட்ட முடியுமா? எழுதினவர் என்னைச் சும்மா விடுவாரா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "மூணாவது அத்தியாயம் வியாழக்கிழமை எனக்கு வேணும். படக்குறிப்பெல்லாம் தனிக் கோப்பா உங்களுக்கு வரும். அதுலயும் விட்டீங்கன்னா பாருங்க."

"சரிங்க மேடம்," என்றார் அத்தான்.

கோப்பை அங்கேயே வாங்கிக்கொண்டோம். முதலில் அவர் கோப்பில் பார்ப்பது, பிறகு அந்தப் பெண் தாளில் பார்ப்பது என்று அவர்கள் இருவருமே பேசி முடிவு செய்துகொண்டார்கள். வெளியே வந்து படி இறங்கும்போது அத்தான் என் தோளைப் பிடித்திருந்தார். கை சூடாக இருந்தது.

"எப்படித் திட்டினாங்க பார்த்தியா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் அடக்கி வைத்திருந்த அழுகை அந்தப் படியில் நின்றபோது உடைந்துவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுறதுன்னா வீட்டுக்குப் போய் அழு," என்றார் அத்தான். "சீக்கிரம் நட. எனக்கு வேலை கிடக்கு."